அக்கிராசனமும் அதிகாரமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் சங்கமொன்றின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். நிகழ்ச்சி நிரலிலே ஐந்தாவது விடயமாக இடமாற்றங்கள் பற்றிய பிரேரணையொன்று இருந்தது. தூரப் பிரதேசங்களிற் குறித்த காலத்திற்கு மேலாகப் பணிபுரிந்தோரைத் திருப்பி அழைக்காது, செல்வாக்குள்ளோரை மட்டும் நகர்ப் பாடசாலைகளில் வைத்திருப்பதைக் கண்டிக்கும் பிரேரணை அது. அதனை எழுதிய நண்பர் பல இரவுகள் கண்விழித்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் திரட்டியிருந்தார். கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டிருந்தவரோ அந்த இடமாற்றக் கடிதங்களிற் கையொப்பமிடும் கல்வியதிகாரி. மாலை அணிவித்தாயிற்று, குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, வரவேற்புரையில் அதிகாரியின் பெருந்தன்மை இருபது நிமிடம் விரித்துரைக்கப்பட்டது. ஐந்தாவது விடயம் வந்ததும் நண்பர் எழுந்தார், மேடையைப் பார்த்தார், நேரம் போதாமையால் இதனை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று கூறி அமர்ந்துவிட்டார். நேரம் போதியதாகவே இருந்தது. நாம் உட்பட எவரும் எழுந்து அதைச் சொல்லவில்லை.

அதிகாரி எவரையும் மிரட்டவில்லை என்பதையும் சொல்லல் வேண்டும். அவர் புன்னகையோடு அமர்ந்திருந்தார், அவ்வளவே. செய்யவேண்டியதை எல்லாம் அவர் அமர்ந்திருந்த இடமே செய்துவிட்டது.

ஒரு கூட்டத்துக்கு யார் தலைமை வகிப்பது என்பதை எம்மவர்கள் மரியாதை பற்றிய விடயமாகவே கருதி வந்துள்ளனர். ஊரிலே பெரியவர் எவரோ, பதவியில் உயர்ந்தவர் எவரோ, அவருக்கு முதலிடம். அக்கிராசனம் என்ற வடசொல்லும் முதன்மையான இருக்கை என்றே பொருள்படும். ஆயின், பாராளுமன்ற நடைமுறை என்று இன்று நாம் சொல்லும் ஒழுங்கின் வரலாற்றைச் சிறிது துருவி நோக்கினால், அந்த இருக்கையிலே பெரியவரை இருத்துவதற்காக அன்று, அவரை அதிலிருந்து இறக்குவதற்காகவே மக்கள் நூற்றாண்டுக் கணக்கிற் போராடினர் என்பது புலனாகும். பக்கஞ்சாராத சபாநாயகர் ஆங்கிலேயரின் பிறவிக் குணமாகிய நேர்மையிலிருந்து தோன்றியவர் என்று பாடநூல்கள் எமக்குக் கற்பித்தன. அக்கதையை மறுபரிசீலனை செய்வதே எமது நோக்கம்.

இங்கிலாந்திலே பொதுமக்கள் சபையின் தலைவருக்கு வழங்கிய பெயர் 'பேசுபவர்' என்ற பொருளுடையது. சபையிலே மிகக் குறைவாகப் பேசுபவருக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? அவர் சபைக்குள்ளே பேசுபவர் அல்லர். சபையின் சார்பில் மன்னனிடம் சென்று பேசுபவர். 1376 ஆம் ஆண்டிலே கூடிய பாராளுமன்றம் பீற்றர் டி லா மேர் என்பவரைத் தனது வாயாகத் தெரிந்தது. அரசவையின் ஊழல்களை அவர் முறையிட்டார். அதற்குப் பரிசாகச் சிறை சென்றார். மறு ஆண்டு கூடிய பாராளுமன்றத்திற் பேசுபவர் என்ற பட்டத்தோடு அமர்ந்த தோமஸ் ஹங்கர்போர்ட் அரச குடும்பத்தாரின் ஆள். இவ்விரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். மக்களின் குரலை மன்னனிடம் கொண்டு செல்லவேண்டியவர் மன்னனின் விருப்பத்தை மக்களிடம் கொண்டு வருபவராக மாறிவிடுகிறார். அடுத்துவந்த இரண்டரை நூற்றாண்டுகளில் இப்பதவிக்கு வந்தோர் பெரும்பாலும் முடியின் விருப்பத்துக்குரியோரே. சபை தெரிவு செய்யும். யாரைத் தெரிவு செய்வதென்பது அரண்மனையில் முன்னரே முடிவாகியிருக்கும்.

இதனை எதிர்கொள்ள உறுப்பினர் கண்ட உபாயம் நுட்பமானது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பணம், வரி போன்ற முக்கிய விடயங்கள் வரும்போது, சபை தன்னை 'முழுச் சபைக் குழு' என்று மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. இருப்பவர்கள் அதே உறுப்பினர்கள். மண்டபமும் அதே மண்டபம். ஆனாற் குழு என்று பெயர் மாறியதும் சபாநாயகர் எழுந்து போய்விடல் வேண்டும். செங்கோல் மேசைக்குக் கீழே இறக்கப்படும். வேறோர் உறுப்பினர் தலைமை ஏற்பார். மன்னனுக்குச் செய்தி கொண்டுசெல்பவர் வெளியேறிய பின்னரே உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசினர். இன்று எமது பாராளுமன்றத்திற் பிரதிச் சபாநாயகர் 'குழுக்களின் தவிசாளர்' என்ற இன்னொரு பெயரையும் சேர்த்துத் தாங்குகிறார் அன்றோ? அப்பெயரின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒற்றனை வெளியேற்றுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு முறை, காரணம் மறக்கப்பட்டுச் சடங்காக எம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1629 மார்ச் 2 ஆம் திகதி நிகழ்ந்தது இந்த மறைவான போரின் வெளிப்படையான வடிவம். முதலாம் சார்ள்ஸ் மன்னன் சபையை ஒத்திவைக்குமாறு கட்டளை அனுப்பினான். சபாநாயகர் சேர் ஜோன் பின்ச் அதற்கிணங்க எழுந்தார். அவர் எழுந்துவிட்டாற் கூட்டம் முடிந்துவிடும். பாராளுமன்றத்தின் அனுமதியின்றி அறவிடப்படும் சுங்கவரிகளுக்கு எதிராக ஜோன் எலியட் எழுதி வைத்திருந்த தீர்மானம் காற்றோடு போய்விடும். ஆகவே டென்சில் ஹோல்ஸ், பென்சமின் வலன்டைன் என்ற இரு உறுப்பினர்கள் அவரை இரு தோள்களிலும் பிடித்து ஆசனத்திலேயே அழுத்தி இருத்தினர். கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. வெளியே மன்னனின் தூதன் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே சபாநாயகர் கண்ணீர்விட்டு அழ, தீர்மானம் வாயாற் சொல்லப்பட்டு நிறைவேற்றப்பட்டது. அதன் பின் பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றம் கூட்டப்படவே இல்லை. எலியட் 1632 இல் லண்டன் கோட்டைச் சிறையிலேயே உயிர்விட்டார்.

அன்று ஒருவரை ஆசனத்திற் பலவந்தமாக இருத்தினர். 2018 நவம்பர் 16 ஆம் திகதி எமது பாராளுமன்றத்திலே ஒரு பகுதி உறுப்பினர் சபாநாயகரின் ஆசனத்தைக் கைப்பற்றிக்கொண்டு அவரை அமரவிடாது தடுத்தனர். மிளகாய்த் தூள் கரைத்த நீர் வீசப்பட்டது. பொலிசார் சூழ்ந்து நிற்க அவர் வேறோரிடத்திலிருந்து வாக்கெடுப்பை நடத்தினார். முந்நூற்றெண்பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்ல நாம் வரவில்லை. ஒன்று முடிக்கு எதிராகச் சபையைக் காக்க நடந்தது. மற்றது சபையின் பெரும்பான்மை வெளிப்படாமற் செய்ய நடந்தது. எனினும், அந்த மரத்தாலான பொருளிலே யார் இருக்கிறார் என்பதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை இரு தரப்பினரும் நன்கு அறிந்திருந்தனர்.

1642 சனவரி 4 இல் சார்ள்ஸ் தானே ஆயுதம் தாங்கியோருடன் வந்து சபைக்குள் நுழைந்தான். பிம், ஹம்டன் முதலிய ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய வந்தவன் நேரே சபாநாயகரின் ஆசனத்தடிக்குச் சென்று, அதனை இரவலாகக் கேட்டான் என்பர். ஐவரும் எங்கே என்று சபாநாயகர் வில்லியம் லென்தாலை வினவினான். லென்தால் மண்டியிட்டு, இச்சபை ஏவினாலன்றித் தமக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற கருத்துப்பட விடை கூறினார். மன்னன் வெறுங்கையோடு திரும்பினான். தேடப்பட்ட ஐவருள் ஒருவர் டென்சில் ஹோல்ஸ், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் சபாநாயகரைப் பிடித்து அழுத்தியவர். இருத்தவேண்டியிருந்த சபாநாயகருக்கும் மண்டியிட்டு மறுத்த சபாநாயகருக்கும் இடையே நடந்தது மனமாற்றம் அன்று. சமூகத்தின் பலச்சமநிலை மாறியிருந்தது. லண்டன் நகரத்து வணிகரும் கைவினைஞரும் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றனர். சில நாட்களுள் மன்னனே நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. லென்தாலின் முதுகெலும்பு அவருடைய உடலுக்குள் இருக்கவில்லை, வீதியில் இருந்தது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லென்தால் வீரர் அல்லர். 1653 ஏப்பிரிலிற் குறொம்வெல் படைவீரருடன் வந்து அதே பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, ஆசனத்தை விட்டு இறங்க முதலில் மறுத்த அவர் தளபதி ஹரிசன் கைகொடுக்க இறங்கிவிட்டார். 1660 இல் முடியாட்சி மீண்டதும், மன்னனின் மரணதண்டனைக்கு உடந்தையாயிருந்த பழைய தோழர் ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லித் தம்மைக் காத்துக்கொண்டார். நல்லவர் ஒருவரைத் தேடி ஆசனத்தில் இருத்திவிட்டாற் போதும் என்று எண்ணும் எமது நண்பர்கள் இவருடைய வாழ்க்கையை ஒருமுறை படித்தல் நன்று.

புதிய அதிகாரமும் பழைய ஆசையை விட்டுவிடவில்லை. 1647 ஒக்டோபரிலே புட்னி என்ற ஊரின் தேவாலயத்தில், மன்னனைத் தோற்கடித்த படையின் பேரவை கூடிற்று. படைப்பிரிவுகள் தாமே தெரிவுசெய்த சாதாரண வீரர்களின் பிரதிநிதிகளும் தளபதிகளும் ஒரே மண்டபத்தில் இருந்து, சொத்தில்லாதவனுக்கு வாக்குரிமை உண்டா என்று விவாதித்தனர். அக்காலத்தில் உலகில் வேறெங்கும் இவ்வாறானதொரு கூட்டம் நடந்ததாக நாம் அறியோம். உண்டு என்று வாதிட்டோருள் முதன்மையானவர் கேணல் ரெயின்ஸ்பரோ. இல்லை என்று வாதிட்டவர் குறொம்வெல்லின் மருமகன் அயர்ட்டன். பிரதம தளபதி பெயர்பக்ஸ் சுகவீனமுற்றிருந்தமையால் அக்கிராசனம் வகித்தவர் யார்? குறொம்வெல்லேதான். தலைமை வகித்தவரே வாதியும் ஆனார். விவாதம் தமக்குப் பாதகமாகத் திரும்பியபோது குழுக்களுக்கு அனுப்பலாம் என்று சொல்லும் வசதியும் அவரிடமே இருந்தது. சில வாரங்களுள் வீரர்களின் பிரதிநிதிகள் தத்தம் படைப்பிரிவுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சொத்தில்லாத ஆங்கிலேயன் வாக்குரிமைக்காக இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தான்.

அதன் பின்னர் வந்த சபாநாயகர்களின் வரிசையை இங்கு விரிக்கவேண்டியதில்லை. 1728 முதல் 1761 வரை ஆசனத்தில் இருந்த ஆர்தர் ஒன்ஸ்லோ, கடற்படைப் பொருளாளர் என்ற வருமானமிக்க பதவியை 1742 இல் துறந்தார். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தை விசாரிக்கும் சபைக்குத் தலைமை வகிப்பது பொருந்தாது என்பதை அச்செயல் ஒப்புக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சபாநாயகர் கட்சி அரசியலிலிருந்து முற்றாக ஒதுங்கும் வழக்கம் நிலைபெற்றது. வாக்குகள் சமமாகும்போது அவர் அளிக்கும் அறுதியிடும் வாக்கிற்கும் ஒரு மரபு உருவாயிற்று: விவாதம் தொடர வழியிருந்தால் தொடரவிடுவது, புதியதொன்றைத் தமது ஒரு வாக்கினாற் சட்டமாக்காதிருப்பது. அமெரிக்காவில், 1863 இல் நியூ பெட்போட் நகரத்துக் கூட்டமொன்றை நடத்தச் சொல்லப்பட்டு நடத்தத் தெரியாது தடுமாறிய இராணுவப் பொறியியலாளர் ஹென்றி மாட்டின் றொபேட், 1876 இலே வெளியிட்ட விதிநூலிற் சாதாரண சங்கங்களுக்கும் பொருந்துமாறு இவ்வொழுங்கை வகுத்தார். அம்மரபின்படி, தலைவர் ஒரு பக்கம் நின்று வாதாட விரும்பினால் ஆசனத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிவந்து, அவ்விடயம் முடியும்வரை ஆசனத்துக்குத் திரும்பாதிருத்தல் வேண்டும். எம்முடைய சங்கங்களில் இவ்வாறு இறங்கிவந்த தலைவர் ஒருவரையேனும் நாம் இதுவரை கண்டதில்லை.

ஆனால் இந்த நடுநிலைமையின் எல்லை எது என்பதை அயர்லாந்து மக்களைக் கேட்டால் தெரியும். 1881 இல் அயர்லாந்தில் விசாரணையின்றிச் சிறைவைக்க வகைசெய்யும் அடக்குமுறைச் சட்டமூலத்தைப் பார்னலின் தலைமையில் அயர்லாந்து உறுப்பினர்கள் இடைவிடாது பேசித் தடுத்துக்கொண்டிருந்தனர். கூட்டம் நாற்பத்தொரு மணி நேரம் நீண்டது. பெப்ரவரி 2 ஆம் திகதி காலையிற் சபாநாயகர் பிராண்ட், எந்த விதியிலும் இல்லாத அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விட்டார். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகும் இடத்திற் சபாநாயகரும் அவற்றோடு ஒன்றாகிவிடுகிறார். இரு கட்சிகளுக்கிடையே நடுநிலை என்பது வேறு. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நடுநிலை என்பது வேறு.

பாராளுமன்றத்துக்கு வெளியே, தொழிலாளர் தமக்கென்று கண்ட வழி எமக்கு மிக உவப்பானது. 1792 சனவரியில் லண்டனிலே தோமஸ் ஹார்டி என்ற சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி (நாவலாசிரியர் ஹார்டி அல்லர்) சில நண்பர்களோடு சேர்ந்து லண்டன் கடிதத் தொடர்புக் கழகத்தைத் தொடங்கினார். வாரத்துக்கு ஒரு பென்னி சந்தா. சகலருக்கும் வாக்குரிமை என்பது கோரிக்கை. அதன் கிளைக் கூட்டங்களை நினைவு கூர்ந்து எழுதிய பிரான்சிஸ் பிளேஸ், அவரும் ஒரு தையற்றொழிலாளியே, ஒவ்வோர் உறுப்பினரும் முறைவைத்து அக்கிராசனம் வகித்தனர் என்று சொல்கிறார். தலைவர் ஒரு நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை வாசிப்பார். பின்னர் ஏனையோர் தத்தம் கருத்தைச் சொல்லுமாறு அழைக்கப்படுவர். இன்று சப்பாத்துத் தைப்பவர், நாளை நெசவு செய்பவர், மறுவாரம் தச்சர். வாழ்நாள் முழுவதும் எவனோ ஒருவனின் கட்டளையைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதன், ஒரு மாலைப்பொழுது முழுவதும் மற்றவர்களின் பேச்சை ஒழுங்குபடுத்தி, முரண்பட்டவனுக்கும் வாய்ப்பளித்து, முடிவை அறிவிக்கிறான். இதனை ஒரு கல்வியாகவே அவர்கள் கருதினர். அரசாங்கமும் அதனைச் சரியாக மதிப்பிட்டது போலும். 1794 இல் ஹார்டிமீது இராசத் துரோகக் குற்றஞ்சாட்டியது. யூரிகள் அவரை விடுதலை செய்தனர். 1799 இற் கழகம் பெயர் குறித்தே தடைசெய்யப்பட்டது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1833 இல் இலங்கையிற் சட்ட நிரூபண சபை அமைக்கப்பட்டபோது அதில் ஒன்பது உத்தியோகப்பற்றுள்ளோரும் ஆறு உத்தியோகப்பற்றற்றோரும் இருந்தனர். அக்கிராசனம் தேசாதிபதிக்கு. நாட்டை ஆள்பவர் அவர். உறுப்பினரை நியமிப்பவர் அவர். ஆட்சியைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டியவரும் அவர். கேள்வி கேட்கலாமா என்று தீர்ப்பளிப்பவரும் அவர். தம்முடைய இங்கிலாந்திற் பதினேழாம் நூற்றாண்டிலேயே இரத்தம் சிந்தித் தீர்த்துக்கொண்ட ஒரு பிரச்சினையை, கடல் கடந்து வந்ததும் அவர்கள் தலைகீழாக்கி எமக்கு வழங்கினர். 1864 இலே இராணுவச் செலவினம் பற்றிய தகராறில், ஜோர்ஜ் வோல், சார்ள்ஸ் அம்புறோஸ் லொறென்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பதவி துறந்து வெளியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத்துரைமாரினதும் வணிகரினதும் நலன்களுக்காக நின்றவர்களே. அவர்களை மக்கள் தலைவர்களாக்க நாம் முற்படவில்லை. ஆயினும் தேசாதிபதி தலைமையிலிருந்த அம்மண்டபத்தில் அவர்களுக்குக்கூட வெளியேறுவதை விட வேறு வழி இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1924 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி சபையில் நாற்பத்தொன்பது உறுப்பினர் இருந்தனர். முப்பத்தேழு பேர் உத்தியோகப்பற்றற்றோர். அப்போதும் தலைவர் தேசாதிபதியே. ஆனால் உபதலைவர் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமை சபைக்குக் கிடைத்தது. சேர் ஜேம்ஸ் பீரிஸ் தெரிவானார். வழமையான கூட்டங்களை அவரே நடத்தினார். 1931 இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த அரசாங்க சபைதான் முதன்முதலாகத் தனக்கெனச் சபாநாயகரைத் தெரிந்தது. யூலை 7 ஆம் திகதி பிரான்சிஸ் மொலமூறே தெரிவானபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்தன. பூரண சுயராச்சியம் இல்லாத அரசியற்றிட்டத்தை வாலிப காங்கிரசின் அறைகூவலின்படி வடபுலத்தார் பகிஷ்கரித்திருந்தனர். 1936 இற் கூடிய இரண்டாவது அரசாங்க சபைக்குச் சபாநாயகராக வந்தவர் ஊர்காவற்றுறைப் பிரதிநிதி சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி. 1947 வரை அவரே அந்த ஆசனத்தில் இருந்தார்.

இவ்விடத்திற் கடல் கடந்து ஒருமுறை டில்லிக்குச் சென்று மீள்தல் வேண்டும். ஏனெனில் அந்நியன் ஆக்கிய சபையின் ஆசனத்தை ஒரு சுதேசி எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதை எமது அயலவரே முதலிற் காட்டினர். இந்திய மத்திய சட்டசபைக்கு 1921 முதல் அரசாங்கம் நியமித்த தலைவராயிருந்தவர் பிரெடெரிக் வைற் என்ற ஆங்கிலேயர். 1925 ஓகஸ்டிலே சபை தானே தலைவரைத் தெரிந்தபோது, சுயராச்சியக் கட்சியின் விட்டல்பாய் பட்டேல் மிகச் சிறிய பெரும்பான்மையால் வென்றார். வென்றதும் கட்சியிலிருந்து விலகினார். இந்தியத் தொழிலாளரிடையே பணிபுரிய வந்த வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடுகடத்தும் நோக்குடன் 1928 இற் பொதுப் பாதுகாப்புச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. செப்டெம்பரில் வாக்குகள் அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்றாகச் சமப்பட்டன. இத்தகைய அசாதாரணமான அதிகாரத்தை வேண்டுவோர் சபையிற் பெரும்பான்மையைத் தாமே தேடிக்கொள்ளட்டும், ஆசனத்தின் வாக்கை நம்பி வரலாகாது என்ற கருத்துப்படச் சொல்லிப் பட்டேல் அதனைத் தோற்கடித்தார். ஆங்கிலேயர் கற்பித்த மரபையே ஆங்கிலேயருக்கு எதிராக வைத்தார். இலக்கணப்பிழை எதுவும் கண்டுபிடிக்க அவர்களால் இயலவில்லை.

மறு ஆண்டு மார்ச்சில் மீரத் சதி வழக்கின் பேரிலே தொழிற்சங்கத் தலைவர்கள் முப்பதுக்கு மேற்பட்டோர் நாடெங்கும் கைதுசெய்யப்பட்டனர். பிலிப் ஸ்பிராட், பென் பிராட்லி என்ற ஆங்கிலேயரும் அவர்களுள் இருந்தனர். அரசாங்கம் சட்டமூலத்தை மீண்டும் கொண்டுவந்தது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடாது இச்சட்டமூலத்தை விவாதிக்க இயலாது. ஆகவே வழக்கை மீளப்பெறுக, அன்றேல் வழக்கு முடியும்வரை சட்டமூலத்தை நிறுத்துக என்றார் பட்டேல். ஏப்பிரில் 8 ஆம் திகதி, தொழிற் தகராறுச் சட்டமூலம் நிறைவேறி, பட்டேல் தமது தீர்ப்பைச் சொல்ல எழுந்த வேளையிற்றான் பகவத்சிங்கும் பட்டுகேஸ்வர தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டு வீசினர். வீசப்பட்ட குண்டை உலகம் அறியும். அதனால் தடைப்பட்ட தீர்ப்பைப் பலர் அறியார். மூன்று நாட்களின் பின் பட்டேல் அத்தீர்ப்பைச் சொன்னார்: சட்டமூலம் ஒழுங்குக்கு மாறானது. வைசிராய் அதனைச் சில நாட்களுள் அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார். பின்னர் தலைவரின் அதிகாரத்தைக் குறைக்கும்படி விதிகளும் திருத்தப்பட்டன. விதிகளை மதிக்கக் கற்பித்தோர் விதிகள் தமக்கு எதிராக நின்றதும் விதிகளை மாற்றினர். ஆயின் மாற்றவேண்டியிருந்தது என்பதே பட்டேலின் வெற்றி.

எட்டு ஆண்டுகளின் பின் கொழும்பில் இதே தன்மையான பிரச்சினை எழுந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்திற் பயிற்சி பெற வந்த பிரேஸ்கேடில் என்ற இளைஞர், சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து தோட்டத் தொழிலாளர் மத்தியிற் பேசத் தொடங்கினார். துரைமார் துடித்தனர். தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். 1937 மே 5 ஆம் திகதி, உள்நாட்டு மந்திரியின் ஆலோசனையின்றித் தேசாதிபதி அவ்வாறு கட்டளையிட்டதைக் கண்டிக்கும் பிரேரணையை என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபையிற் கொண்டுவந்தனர். முப்பத்துநான்குக்கு ஏழு என்ற வாக்குகளால் அது நிறைவேறிற்று. சில ஆண்டுகளுக்கு முன்வரை அப்பிரேரணை எவ்வாறு எடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்ட நிரூபண சபையின் தலைவர் தேசாதிபதி. அவரைக் கண்டிக்கும் பிரேரணையை அவரிடமே கையளித்து, அவருடைய அனுமதியோடு பேசி, அவர் வாயாலேயே முடிவை அறிவிக்கக் கேட்டிருத்தல் வேண்டும். மே 5 இல் ஆசனத்தில் இருந்தவர் சபை தெரிந்த சபாநாயகர். சட்டத்தரணியான துரைசுவாமி இடதுசாரி அல்லர். இடதுசாரியாக இருக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர் தேசாதிபதி அல்லர் என்பதே போதியதாயிருந்தது.

அன்றே காலிமுகத்திடலில் ஐம்பதினாயிரம் மக்கள் கூடினர். அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் ஹண்டி பேரின்பநாயகமும், மலையகத் தொழிலாளரிடையே பணிபுரிந்த மீனாட்சி அம்மை நடேசய்யரும், ஏ. ஈ. குணசிங்காவும், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் ஒரே மேடையிற் பேசினர். அதே மாதம் உயர் நீதிமன்றம் பிரேஸ்கேடிலை விடுதலை செய்தது.

ஆசனம் பற்றி எழுதும்போது எமது குடாநாட்டிலே அச்சொல்லுக்கு உள்ள இன்னொரு வரலாற்றை மறைத்துவிட்டுப் போதல் நேர்மையாகாது. 1929, 1930 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகளிலே சகல பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்கவேண்டும் என்ற விதி வந்தபோது, தரையில் இருந்த பிள்ளை வாங்கில் இருப்பதைப் பொறுக்காது பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்கள் எமது ஊர்களில் இருந்தனர். சுயராச்சியம் கேட்ட அதே மண், அதே ஆண்டுகள். வாங்கிற்கே இவ்வளவு என்றால் அக்கிராசனத்துக்கு எவ்வளவு என்று சொல்லவேண்டியதில்லை. எம்முடைய சங்கங்கள், வாசிகசாலைகள், கூட்டுறவுக் கழகங்கள் ஆகியவற்றின் பழைய அறிக்கைப் புத்தகங்களைப் புரட்டும்போது நாம் முதலிற் பார்ப்பது தலைமை வகித்தோரின் பெயர்களையே. எந்தக் குடும்பங்களிலிருந்து, எந்தப் பதவிகளிலிருந்து, எத்தனை பெண்கள் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. வாரத்துக்கு ஒரு பென்னி கொடுத்த அந்த லண்டன் தொழிலாளர் முறைவைத்து வகித்த ஆசனம் இங்கு இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது.

இடமாற்றப் பிரேரணையை எழுதிய நண்பரை அண்மையிற் சந்தித்தோம். அவர் இன்னமும் தூரப் பிரதேசத்திலேயே படிப்பிக்கிறார். இம்முறை அவர் கொடுத்திருப்பது வேறொரு பிரேரணை: சங்கத்தின் கூட்டங்களுக்குச் சங்க உறுப்பினர் அல்லாத எவரும் தலைமை வகித்தலாகாது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் தலைவர் அக்கூட்டத்திலேயே, அங்கிருப்போராலேயே தெரிவு செய்யப்படல் வேண்டும். வழிமொழிய எமது பெயரைக் கேட்டார், கொடுத்தோம். நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்திருக்கிறது. அவருடைய பிரேரணை எட்டாவது விடயமாக, தேநீருக்குப் பின் வைக்கப்பட்டுள்ளது. முதற்பக்கத்திலே பெரிய எழுத்தில், தலைமை என்பதற்கு எதிரே, மேலும் ஒரு படி உயர்ந்த அதிகாரி ஒருவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.